அஞ்சலையின் இரண்டாவது கேசட்

போன மாதம் சர்க்கரை அளவு பார்க்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். ஊசி குத்தும் பெண் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அவ்வளவுதான், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. எழுந்து வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் தேவலை என்றிருந்தது. "பயப்படாதீங்க ஐயா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள். பயமெல்லாம் இல்லையம்மா, இந்த வாசனை வந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தேன்.

மற்றவர்களுக்கு ஸ்பிரிட் என்றால் ஆஸ்பத்திரி. எனக்கு டேப்ரெக்கார்டர். இருபத்து நாலு வயதில் நான் பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்த பாஷா பாயின் கேசட் கடையில் வேலை பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, குச்சியில் சுற்றிய பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, டேப்ரெக்கார்டருக்குள் நாடா உரசி ஓடும் இடத்தைத் துடைப்பது. பஞ்சு பழுப்பாக வரும். முந்தின நாள் முழுக்கப் பாடியவர்கள் எல்லாரும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதுபோல இருக்கும். பிறகு ஜனங்கள் துண்டுக் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். இந்தப் பாட்டுக்கு அடுத்து அந்தப் பாட்டு, அம்மாவுக்கு ஒன்று, நடுவில் ஒரு சாமி பாட்டு. ஒருவருடைய காகிதத்தைப் பார்த்தே அவர் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

எனக்கு இன்னொரு முகமும் இருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊரில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினோம். பதினாறு பக்கம். அதில் இசை விமர்சனம் எழுதுவது நான். புனைபெயர் 'அக்னிச்செவி'. இப்போது சொல்லக் கூசுகிறது. அப்போது கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரை உச்சரித்துப் பார்த்துக்கொள்வேன். சென்னையிலிருந்து வரும் கேசட்டுகளையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பாடியவர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது என்பதால் யாருக்கும் சேதமில்லை.

அஞ்சலை அக்கா கருணாபுரத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தானே பாட்டுக் கட்டித் தானே பாடுவார். தையல் மிஷினை மிதித்தால்தான் அவருக்குப் பாட்டு வரும்; அதனால் அந்தப் பாட்டுகளும் மிஷின் ஓடுகிற வேகத்திலேயே ஓடும். ஒரு தடவை பெல்ட் அறுந்து நாலு நாள் மிஷின் நின்றபோது பாட்டும் நின்றுவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பெரிய சிரிப்பு. கடைக்குள் அவர் சிரித்தால் எதிர்ச்சாரியில் பழவண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். புருஷன் அவரை விட்டுப் போய்விட்டார் என்றும், இவர்தான் விரட்டிவிட்டார் என்றும் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் அதே சிரிப்புதான்.

பாஷா பாய் தன் கடையின் பின்னறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்து, ஒரு தவில், ஒரு பம்பையோடு அக்காவின் முதல் கேசட்டைப் பதிவு செய்தார். பெயர் 'பைப்படிச் சண்டை'. கருணாபுரத்துத் தண்ணீர்க் குழாய், அங்கே குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் வையும் வசவு, எல்லாம் அதில் இருந்தன. கேசட் தீப்பிடித்த மாதிரி போனது. உளுந்தூர்பேட்டை பஸ், மணலூர்பேட்டை பஸ், கரும்பு லாரி, கல்யாண ஒலிபெருக்கி, எங்கே திரும்பினாலும் அதுதான். நானும் எழுதினேன். அக்னிச்செவி மனம் குளிர்ந்து எழுதிய ஒரே விமர்சனம் அது.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. மிஷினை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது பாஷா பாய் ஒரு டேப்ரெக்கார்டரையும் கையில் கொடுத்து, "பாட்டு வந்தா அங்கயே புடிச்சி வையி. ரெண்டாவது கேசட்ட ஜனம் கேட்டுக்கினே இருக்குது" என்றார். உண்மைதான். வாரத்தில் நாலு பேராவது கேட்டார்கள். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை, மலையிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் துணியில் சுற்றிய கேசட் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். மேலே பென்சிலில் 'மலைமேல ஒரு வூடு' என்று எழுதியிருந்தது.

பாஷா பாய் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலை பாட்டை எதற்குப் போட்டுப் பார்க்க வேண்டும்? நேரே பிரதி எடுக்கச் சொன்னார். நானும் சத்தத்தை அணைத்துவிட்டு எடுத்துத் தள்ளினேன். வெளியே விளம்பரத் தட்டி வைத்ததும் ஆட்கள் குவிந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

மறுநாளே திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது உளுந்தூர்பேட்டை பஸ் டிரைவர். "இன்னாபா இது? மோளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல போட்டா ஜனம் தூங்குது. அது தூங்கட்டும், எனக்கே கண்ணு சொக்குது. வண்டி பள்ளத்துல எறங்குனா யாரு பதில் சொல்றது?" என்று கேசட்டை மேஜைமேல் வைத்தார். மணலூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, "பாடிக்கினே இருக்குது, திடீர்னு சத்தத்த காணோம். கேசட்டு கெட்டுப்போயிருக்குது, வேற குடுங்க" என்றார். வேறு கொடுத்தோம். அதுவும் கெட்டுப்போயிருக்கிறது என்று அடுத்த நாள் வந்தார். பாட்டுக்கு நடுவே அக்கா வேண்டுமென்றேதான் சும்மா இருந்திருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை. கல்யாண ஒலிபெருக்கி வைத்திருந்தவர், இதைக் கல்யாணத்தில் போட்டால் பெண் வீட்டார் அடிக்க வருவார்கள் என்றார். எங்கள் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கோஷம் போதவில்லை. "போராட்டக் குணம் போயிடுச்சி" என்று உதட்டைப் பிதுக்கினார்.

இவர்களையெல்லாம் விட எனக்கு இன்றும் காதில் நிற்பது பச்சையம்மா சொன்னது. பச்சையம்மா கருணாபுரத்தில் அக்காவுக்குப் பக்கத்து வீடு. முதல் கேசட்டில் அவர் பெயரே ஒரு பாட்டில் வரும். கேசட்டைத் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நாங்க இன்னா பாவம் பண்ணோம்? மொத கேசட்டுல எங்க தெரு இருந்துச்சி, எங்க பைப்படி இருந்துச்சி. இதுல பனி இருக்குது, மரம் இருக்குது, எங்கள காணல. மேல போனதும் மறந்துட்டா."

பாஷா பாய் மெத்தைகளைச் சாத்திய பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்னிச்செவிக்கு இப்போது வேலை வந்தது. ஊரே பேசுகிறது, நீ எழுதவில்லையா என்றார் ஆசிரியர். அச்சகத்துக்குச் சாயங்காலம் போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் கேசட்டைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கம் ஓடி முடிந்தது. உண்மையில் எனக்கும் பிடிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, எப்போது மேளம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். திருப்பிப் போடக் கையை நீட்டியபோது மின்சாரம் போய்விட்டது. அது வருவதற்குள் கட்டுரை வந்துவிட்டது. இரண்டாம் பக்கம் மட்டும் வேறு எப்படி இருந்துவிடப் போகிறது? எழுதினேன். கடைசி வரி இது: 'மலை ஏறிய அஞ்சலை, பாட்டைக் கீழேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.'

வரி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மற்றவர்களுக்கும் பிடித்தது. டீக்கடையில் அதைச் சொன்னார்கள். பத்திரிகையே படிக்காதவர்கள் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய பத்திரிகையில் அந்த வரியை என் பெயரில்லாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் எனக்குக் கோபம்கூட வந்தது பாருங்கள், திருடிவிட்டார்கள் என்று! அதன்பிறகு கேசட்டைத் திருப்பித் தர வந்தவர்கள் காரணம் சொல்லவில்லை. வரியைச் சொன்னார்கள். கேசட்டைப் போட்டுப் பார்க்காதவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

இப்படிப் புகழில் மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில், மலையிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். தோளில் துண்டு, முழங்கால் வரை செம்மண். சடையன் என்று பெயர் சொன்னார். கையில் 'மலைமேல ஒரு வூடு'. இவரும் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இதுல எம் மவன் பேரு இல்லீங்க."

"என்ன பேருங்க?" என்றேன்.

"எல்லார் பேரும் சொல்லுது அந்தம்மா. சின்னப்பையன் பேரு வருது, காளி பேரு வருது. எம் மவன் வெள்ளையனும்தான் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போனான். மூணு வருசம் ஆவுது, ஒரு தாக்கலும் இல்ல, கடுதாசியும் இல்ல. அவன் பேர மட்டும் சொல்லலியே. நீங்க அத்த சேத்துக் குடுங்க."

என்ன பெயர், எங்கே வருகிறது, எதில் சேர்ப்பது? ஒன்றும் விளங்காமல், எல்லாம் தெரிந்தவன்போல, "அது பாடுறவங்க முடிவு பண்றதுங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். அவர் கேசட்டைத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார். பாஷா பாய் என்னைப் பார்த்தார்.

"ரெண்டாம் பக்கம் கேட்டியா நீ?"

"கேட்டேன் பாய்."

"நாளைக்கு மலைக்குப் போயி அஞ்சலைய பாத்துட்டு வா. அந்தப் பெரியவரு சொன்னத சொல்லு" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம் தயாராகும், அடுத்த வளைவில் சரிந்து விழும். கரியாலூரில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கீழே போகிற பஸ் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வரும். என் நேர்மைக்கு நான் போக்குவரத்துக் கழகத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா வீடு பள்ளிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மிஷினில் உட்கார்ந்திருந்தார். "வாப்பா வா! நடந்தா வந்த, இப்புடி வேர்த்திருக்குது?" அதே சிரிப்பு. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால், மிஷின் மேல் ஜாக்கெட் கை அளவுக்கு வெட்டிய காகிதம் ஒன்று கிடக்கிறது. அதில் அச்சான என் கட்டுரை. 'அக்னிச்' வரை இருந்தது. 'செவி'யைக் கத்தரி கொண்டுபோய்விட்டது.

"நல்ல கெட்டி பேப்பரு. கை வெட்ட தோதா இருந்துச்சி" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

சடையன் வந்ததைச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். "வெள்ளையன… ஆமாம், அவன விட்டுட்டன் பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு எப்புடி இருந்துச்சி தம்பி?"

"அது நல்லாவே இருந்துச்சிக்கா. அதுல மட்டும் கொரலு பழைய மாதிரி நல்லா மேல போச்சி."

அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வராத முகத்தை அன்றுதான் நான் பார்த்தேன்.

"கடைசியில பாட்டே இல்லப்பா. மழை பேயுது."

தட்டில் இருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து ஓடவும் முடியாது, கீழே போகிற பஸ் இன்னும் வரவில்லை. அவர் எழுந்து டேப்ரெக்கார்டரை என் முன்னால் கொண்டு வந்து வைத்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டு, மிஷினுக்குப் போகாமல் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஒரே பாட்டுதான். பிழைப்புத் தேடி வீட்டை விட்டுப் போனவர்களின் பெயர்கள். 'சின்னப்பையன் போனான் மொளகுக் காட்டுக்கு, காளி போனா காப்பித் தோட்டத்துக்கு.' ஒரு பெயர், போன இடம், பிறகு ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தில் ஒரு நாய் குரைப்பதும் எங்கோ பாத்திரம் விழுவதும் கேட்டது. அடுத்த பெயர். மலையில் இருப்பவர்கள் மட்டுமில்லை, கீழே இருப்பவர்களும் வந்தார்கள். நடுவில், 'கருணாபுரத்து ஏழுமலை போனான் மெட்ராசுக்கு, கல்லு தூக்க.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழுமலை பச்சையம்மாவின் தம்பி. பெயர்கள் முடிந்ததும் தகரத்தின் மேல் மழை. நாடா தீரும்வரை மழைதான்.

"நீ திட்டுனது பரவால்ல" என்றார் அக்கா, திரும்பாமலே. "டிரைவரு திட்டுனாரு, அவரு கேட்டுட்டு திட்டுனாரு. நீ கேக்காமயே திட்டுன பாரு."

"இன்னொண்ணு எழுதுறேன்க்கா."

"எனக்காவ எழுதாத. ஒன் எழுத்தாலதான் நான் பாடுறன்னு நெனைக்காத, ஒன் எழுத்தால நிறுத்திடுவன்னும் நெனைக்காத."

கீழே வந்ததும் முதலில் பச்சையம்மாவைக் கடைக்கு அழைத்து வந்து இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். அவரும் முதல் பக்கத்தோடு நிறுத்தியவர்தான். தம்பி பெயர் வந்ததும் ஸ்பீக்கர்மேல் கையை வைத்தார். முடியும்வரை எடுக்கவில்லை. முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார்.

இரண்டாவது கட்டுரையை எழுதினேன். முதல் கட்டுரை எழுதும்போது பாதிதான் கேட்டிருந்தேன் என்று முதல் வரியிலேயே சொன்னேன். ஆசிரியர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இத்த போட்டா நாம இதுவரைக்கும் எழுதுன எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க." வாதாடிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. பத்திரிகையிலிருந்து விலகினேன், அது என் விலகலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடையில் மீதம் இருந்த கேசட்டுகளின் அட்டைக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன்: 'இரண்டாம் பக்கத்தை முதலில் கேளுங்கள்.' கீழே என் சொந்தப் பெயர். சமவெளியில் அதனால் பெரிய மாற்றம் இல்லை. என் பழைய வரி என்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் மலையில் வேறொன்று நடந்தது. அக்கா தன்னிடம் இருந்த கேசட்டில், மழை தொடங்கும் இடத்தில் வெள்ளையன் பெயரைப் பாடிச் சேர்த்தார். சடையன் அதைக் கேட்டுவிட்டுப் போய் ஊரில் சொல்ல, அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். அப்புறம் மூன்று பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் மழை அழியும். மாதம் ஒரு முறை அக்கா அந்தக் கேசட்டோடு கீழே வருவார், நான் பிரதி எடுத்துக் கொடுப்பேன், இம்முறை சத்தத்தை அணைக்காமல். மலைக்குப் போகும் பஸ்ஸில் அவை போய்ச் சேரும். மூன்றாவது கேசட் எப்போது என்று பாஷா பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். "இதுவே இன்னும் முடியல பாய்" என்பார் அக்கா. கடைசியில் மழை முழுதும் தீர்ந்து, நாடா தீரும் இடம் வரை பெயர்கள் வந்துவிட்டன. வெள்ளையன் ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தான், மீசையோடு. அவன் பெயரை எடுத்துவிடலாமா என்று சடையனிடம் கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். மற்றவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கடையும் பாஷா பாயும் போய் வெகு காலம் ஆகிறது. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மலையை விட்டு இறங்கவில்லை, அங்கேயே காலமானார். நான் மதுரைப் பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தேன், தகவல் தாமதமாகத்தான் வந்தது. அவருடைய கேசட் பூஞ்சை பூத்து ஒட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மலை பஸ்ஸில் ஏறினேன். கரியாலூரில் ஒரு டீக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். அஞ்சலை டீச்சர் பாட்டு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். கேசட் எதுவும் இல்லை, போடுவதற்கு டேப்ரெக்கார்டரும் இல்லை என்றார். "ஆனா எனக்கு மனப்பாடமா தெரியுங்க, சின்னதுல தெனம் கேட்டதுதான்" என்று டம்ளரைக் கழுவிக்கொண்டே பாட ஆரம்பித்தார். சின்னப்பையன், காளி, ஏழுமலை, வெள்ளையன். எனக்குச் சுத்தமாக மறந்துபோன பெயர்களெல்லாம் வரிசை மாறாமல் வந்தன. 'ஆண்டியப்பன் போனான் தேயிலைக் காட்டுக்கு' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றேன்.

"தெரியாதுங்க. ஆண்டியப்பன் எங்கப்பா. அவரு பேரு வந்ததும் எங்கம்மா டேப்ப நிறுத்திடும். அதுக்கு மேல நாங்க கேட்டதே இல்ல."